நீரிறைப்பில் எண்ணெய்ச் செலவும் சூரியசக்திச் செலவும்

தோட்டச் செய்கையாளர் தமது வரவு செலவைக் கணக்கிடும்போது விதை, பசளை, கிருமிநாசினி, கூலி ஆகியவற்றை ஒன்றும் விடாமல் எழுதுவர். நீரிறைப்புக்குச் சென்ற பணத்தை மட்டும் பெரும்பாலோர் எழுதுவதில்லை. காரணம் யாதெனில், அப்பணம் ஒரே நாளில் ஒரே தொகையாகக் கையைவிட்டுப் போவதன்று. இன்றைக்கு இரண்டு லீற்றர், மூன்று நாட் கழித்து மேலும் இரண்டு லீற்றர் என்று சிறுகச் சிறுகப் போகின்றது. சூரியசக்தியால் இயங்கும் பம்பி இதற்கு நேர்மாறானது. அதன் செலவு ஏறக்குறைய முழுவதும் முதல் நாளிலேயே கண்முன் வந்து நிற்கின்றது. ஆகவே இவ்விரண்டில் ஒன்றை மலிவென்றும் மற்றதை விலைகூடியதென்றும் கண்மதிப்பாகச் சொல்லுதல் தவறான முடிவுக்கே இட்டுச் செல்லும். இரண்டையும் ஒரே தராசில் நிறுக்கும் முறையை இங்கு விளக்குவோம். இதற்கு வேண்டியது ஒரு கொப்பியும் ஒரு பென்சிலும் மாத்திரமே.

எண்ணெய் விலையின் நிலையாமை

எண்ணெய் விலை எவ்வளவு விரைவில் மாறக்கூடும் என்பதை 2022ஆம் ஆண்டு எல்லோருக்கும் உணர்த்தியது. அவ்வாண்டின் தொடக்கத்தில் லீற்றர் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய், ஓகஸ்ட் மாதம் 22ஆந் திகதி முதல் 340 ரூபாவாயிற்று. தொடக்கத்தில் 121 ரூபாவாக இருந்த ஓட்டோ டீசல், யூன் மாத இறுதியில் 460 ரூபாவை எட்டியது. விலையைக் கொடுக்க ஆயத்தமாக இருந்தவர்களுக்கும் எண்ணெய் கிடைக்கவில்லை. வரிசையில் நின்ற நாட்களில் வெங்காயமும் மிளகாயும் பாத்தியில் வாடின. எண்ணெய் வராத காலத்தில் துலாவைத் திரும்பவும் நாட்டி நீரிறைத்த அனுபவம் வடபகுதிக் கமக்காரர் பலருக்கு அதற்கு முன்னரும் உண்டு.

எனினும், விலை உச்சத்தில் நின்ற ஓராண்டை மாத்திரம் வைத்து முடிவு செய்தலும் பொருத்தமன்று. ஏறிய விலை பின்னர் இறங்கவும் கூடும். ஆகையால் மலிந்த விலைக்கும் உயர்ந்த விலைக்கும் கணக்குப் பார்த்தல் வேண்டும். அதனைக் கீழே செய்து காட்டுவோம்.

ஒரு லீற்றர் எண்ணெய் எவ்வளவு நீரை இறைக்கும்?

ஒரு லீற்றர் மண்ணெண்ணெயில் ஏறத்தாழ 10 அலகு மின்சாரத்துக்குச் சமமான வெப்பசக்தி அடங்கியுள்ளது. ஆனால் தோட்டங்களிற் பாவிக்கப்படும் சிறிய எஞ்சின்கள் இதில் எட்டில் ஒரு பங்களவையே சுழற்சியாக மாற்றுகின்றன. எஞ்சியது சூடாகவும் புகையாகவும் போய்விடுகின்றது. சுழற்சியிலும் ஏறக்குறையப் பாதி பம்பியிலும் குழாயிலும் வீணாகின்றது. முடிவில் நீரை உயர்த்தும் வேலைக்குக் கிடைப்பது 0.6 அலகளவே.

ஆயிரம் லீற்றர் நீரை ஒரு மீற்றர் உயர்த்துவதற்கு 2.7 வாற்று மணிச் சக்தி போதுமானது. உங்கள் கிணற்றில் நீர் 25 அடி ஆழத்தில் இருப்பின், ஆயிரம் லீற்றருக்கு ஏறத்தாழ 21 வாற்று மணி வேண்டும். அவ்வாறாயின் ஒரு லீற்றர் எண்ணெய், நல்ல நிலையிலுள்ள இயந்திரத்தில், சுமார் 28,000 லீற்றர் நீரை மேலே கொண்டுவரும். இயந்திரம் பழையதாயின் இவ்வளவு வாராது.

இதனை நீங்களே அளந்து பார்க்கலாம். எண்ணெய்த் தாங்கியை விளிம்புவரை நிரப்பி, ஒரு மணி நேரம் இயந்திரத்தை ஓட்டி, பின்னர் அளவுபோத்தலால் மீண்டும் விளிம்புவரை நிரப்புக. ஊற்றிய அளவே ஒரு மணி நேரச் செலவாகும். நீரின் அளவை அறிய 200 லீற்றர்ப் பீப்பாய் ஒன்றைக் குழாய்வாயில் வைத்து, அது நிரம்ப எத்தனை செக்கன் செல்கின்றதெனப் பார்க்கவும். இவ்விரு அளவுகளையும் அறியாது பம்பி வாங்கச் செல்பவர், விற்பவரின் சொல்லையே நம்ப வேண்டியவராவார்.

இனி, பயிருக்கு எவ்வளவு நீர் தேவை? வரண்ட மாதங்களில் நிலத்திலிருந்தும் பயிரிலிருந்தும் நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றரளவு நீர் ஆவியாகின்றதெனக் கொள்ளலாம். அரை ஏக்கருக்கு, அதாவது 8 பரப்புக்கு, இது நாளொன்றுக்கு 10,000 லீற்றராகும். வாய்க்காலிலும் பாத்தியிலும் வீணாவதைச் சேர்த்தால் 15,000 லீற்றர் வரை செல்லும். ஒரு ஏக்கருக்கு 30,000 லீற்றர். மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை இறைத்தாலும் மொத்தத் தேவை மாறுவதில்லை.

கணக்கு

பின்வரும் விலைகள் கணக்கைப் பழகுவதற்காக எடுத்துக்கொண்டவை. அவற்றின் இடத்தில் நீங்கள் விசாரித்தறிந்த விலைகளை இட்டுக்கொள்ளவும்.

மண்ணெண்ணெய் இயந்திரம் ஒன்று 60,000 ரூபாவுக்கு வாங்கப்பட்டு ஆறு ஆண்டுகள் உழைக்கும் எனக் கொள்வோம். ஆண்டுத் தேய்மானம் 10,000 ரூபா. முதலில் பாதித் தொகைக்கு நூற்றுக்கு 10 வீதம் வட்டி 3,000 ரூபா. திருத்தச் செலவு 10,000 ரூபா. ஆக, இயந்திரம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆண்டுச் செலவு 23,000 ரூபா. இதன்மேல், ஓடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு லீற்றர் எண்ணெய் 200 ரூபா, மசகெண்ணெய் 20 ரூபா. மொத்தம் 220 ரூபா.

சூரியசக்தித் தொகுதியில், சோலர் பனல் என்று கடைகளில் விற்கப்படும் மின்தட்டுகள் ஒரு கிலோவாற்று அளவிலும், பம்பி ஒரு குதிரைவலு அளவிலும் இருப்பதாகக் கொள்வோம். தட்டுகளும் அவற்றைத் தாங்கும் சட்டமும் 200,000 ரூபா. இவை இருபது ஆண்டுகள் உழைக்கும். பம்பியும் அதனைக் கட்டுப்படுத்தும் கருவியும் 150,000 ரூபா. இவை எட்டு ஆண்டுகளே உழைக்கும். தேய்மானம் முறையே 10,000 ரூபாவும் 18,750 ரூபாவும் ஆகும். வட்டி 17,500 ரூபா. பராமரிப்பு 5,000 ரூபா. மொத்தம் ஆண்டுக்கு 51,250 ரூபா. ஓடும் மணிக்கென்று தனிச்செலவு யாதுமில்லை.

விற்பனையாளர் பலர் இருபது ஆண்டு என்பதைத் தொகுதி முழுவதற்கும் சொல்வர். அது தட்டுகளுக்கு மாத்திரமே பொருந்தும். பம்பியை இடையில் ஒருமுறையாவது, பெரும்பாலும் இருமுறை, மாற்ற நேரிடும். வட்டியையும் அவர்கள் சொல்வதில்லை. வங்கியில் கடன்பட்டு வாங்குபவருக்கு அதுவே பெருஞ் செலவுகளுள் ஒன்று.

இரண்டு தொகைகளுக்கும் உள்ள வித்தியாசம் 28,250 ரூபா. இதனை 220ஆற் பிரித்தால் 128 வரும். அதாவது, ஆண்டொன்றுக்கு 128 மணி நேரத்துக்கு மேல் எண்ணெய் இயந்திரம் ஓட்டுபவருக்குச் சூரியசக்தி மலிவு. அதற்குக் குறைவாக ஓட்டுபவருக்கு எண்ணெயே மலிவு. எண்ணெய் லீற்றர் 87 ரூபாவாக இருந்திருப்பின் இவ்வெல்லை 264 மணி நேரமாக உயர்ந்திருக்கும். 340 ரூபாவாயின் 78 மணி நேரமாகக் குறையும்.

இதனை நிலத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். ஆண்டில் 200 நாட்களுக்கு நீர் தேவைப்படும் தோட்டக்காரர் அரை ஏக்கருக்கு ஏறத்தாழ 107 மணி நேரம் இறைப்பார். அவருக்கு எண்ணெய் இயந்திரமே சற்று மலிவாக முடிகின்றது. ஒரு ஏக்கர் செய்பவர் 214 மணி நேரம் இறைப்பார். அவருடைய எண்ணெய் இறைப்புச் செலவு 70,080 ரூபா. சூரியசக்தியாயின் 51,250 ரூபா. மீதி ஆண்டுக்கு ஏறத்தாழ 19,000 ரூபா. பத்துப் பரப்புக்குக் கிட்டிய செய்கையுடையோர் இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றனர். அவர்கள் அவசரப்படாமல் தமது சொந்த அளவுகளைக் கொண்டு முடிவுசெய்தல் நன்று.

நெற்செய்கையாளருக்கு

குளத்து நீரையோ மாரி மழையையோ நம்பி நெல் விதைப்பவர் பம்பியைப் பாவிப்பது பெரும்பாலும் குடலைப் பருவத்திலும் கதிர் முற்றும் வேளையிலும் நீர் குறைந்துவிட்டாலே. அது ஆண்டில் 20 மணி நேரமாக இருக்கலாம். சில ஆண்டுகளில் ஒன்றுமே இராது. எமது கணக்கின்படி 20 மணி நேரத்துக்கு எண்ணெய் இயந்திரம் 27,400 ரூபாவில் முடியும். வாடகைக்கு எடுத்தால் அதனிலுங் குறையும். இத்தகையவர் 350,000 ரூபாவைச் சூரியத் தட்டுகளில் முடக்குதல் வீண். மேலும் வயலுக்குக் குறுகிய நேரத்தில் பெருந்தொகையான நீர் பாய வேண்டும். சிறிய சூரியப் பம்பி நாள் முழுவதும் மெதுவாக நீர் தரும் இயல்புடையது. ஆகவே நெல்லை மட்டும் செய்வோருக்கு எமது ஆலோசனை, இப்பொழுதுள்ள இயந்திரத்தை நன்றாகப் பேணி வைத்துக்கொள்ளவும் என்பதே. வயலோடு மேட்டுநிலத் தோட்டமும் உடையவர், தோட்டத்தின் கணக்கைத் தனியே பார்க்கலாம்.

பங்குக் கிணறுகள்

யாழ்ப்பாணத்துத் தோட்டங்களிற் பல கிணறுகள் ஒருவருக்கு மாத்திரம் உரியனவல்ல. உறவினரும் அயலவரும் முறைவைத்து இறைக்கும் பங்குக் கிணறுகளாகவே அவை இருந்து வருகின்றன. இப்பழைய ஏற்பாடு சூரியசக்திக்கு மிகவும் வாய்ப்பானது. காரணம், முதலீடு பெரிது, ஓட்டச் செலவு இல்லை என்ற பொருளை எத்தனை பேர் பகிர்கின்றனரோ அத்தனைக்கு அது மலிவாகும்.

நால்வர் பங்காளர், ஒவ்வொருவருக்கும் 8 பரப்பு எனக் கொள்வோம். நால்வரும் தனித்தனியே எண்ணெய் இயந்திரம் வைத்திருப்பின் ஒருவருக்கு ஆண்டுச் செலவு ஏறத்தாழ 46,500 ரூபா. ஒரே எண்ணெய் இயந்திரத்தைப் பகிர்ந்தால் ஏறத்தாழ 29,300 ரூபா. சூரியத் தொகுதி ஒன்றைப் பகிர்ந்தால் 12,800 ரூபா மாத்திரமே. தனியாக வாங்கினால் நட்டமாக முடிந்திருக்கக்கூடிய அரை ஏக்கர்க்காரரே இங்கு அதிகம் பயனடைகின்றார்.

வரண்ட வலயத்தில் ஒரு கிலோவாற்றுத் தட்டுகள் வெயில் நாளொன்றில் ஏறத்தாழ 4 அலகு மின்சாரம் தரும். 25 அடிக் கிணற்றிலிருந்து 60,000 லீற்றர் நீரை எடுப்பதற்கு ஏறத்தாழ 3 அலகு வேண்டும். எனவே ஒருவருக்கு நான்கு நாளுக்கு ஒருமுறை முழுநாள் முறை வரும்படி ஏற்பாடு செய்துகொள்ளலாம். முகில் மூடிய நாளில் முறை வந்தவருக்கு என்ன ஈடு என்பதைத் தொடக்கத்திலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள். பின்னர் பேசினால் அது நீரைப்பற்றிய பேச்சாக இராது.

மின்கலவடுக்கு வாங்க வேண்டுமா என்று பலர் கேட்கின்றனர். இறைப்புக்கு அது வேண்டியதில்லை. சீமெந்துத் தொட்டி ஒன்று அவ்வேலையைச் செய்யும். பகலில் ஏற்றிய நீர் தொட்டியில் நின்று, மாலையிலோ மறுநாட் காலையிலோ பாத்திக்குச் செல்லும். ஆவியாகும் அளவும் அப்பொழுது குறைவு. மாரிகாலத்தில் வெயில் குறைவென்பது உண்மையே. ஆனால் அப்பொழுது இறைப்பும் குறைவு. சோளகம் வீசும் வரண்ட மாதங்களில் நீர்த்தேவையும் வெயிலும் ஒருமிக்கக் கூடுகின்றன.

மின்கம்பி அருகில் இருப்பின்

கிணற்றடிக்கு மின்சார இணைப்பு ஏற்கெனவே இருப்பவர் மேற்கூறிய இரண்டையும் விட்டு மின்மோட்டரைப் பாவித்தலே மலிவு. 40,000 ரூபா மோட்டர் ஒன்றுக்குத் தேய்மானம், வட்டி, திருத்தம் யாவும் ஆண்டுக்கு 10,000 ரூபா. ஒரு லீற்றர் எண்ணெய் இறைக்கும் நீரை ஒன்றரை அலகு மின்சாரம் இறைத்துவிடும். அலகு 30 ரூபா எனின், ஒரு ஏக்கருக்கு ஆண்டு முழுவதும் 20,000 ரூபாவுக்குள் முடிந்துவிடும். மாதாந்த நிலையான கட்டணத்தை இதனுடன் சேர்த்துக்கொள்க. புதிதாகக் கம்பம் நாட்டிக் கம்பி இழுக்க வேண்டியவர் அச்செலவையும் முதலீடாகக் கொள்ளல் வேண்டும். சில நூறு யார் தூரம் இழுப்பதாயின் சூரியத் தொகுதியே குறைந்த செலவாகவும் கூடும்.

கம்பியில் வரும் மின்சாரத்தின் விலையும் அது எதனால் உண்டாக்கப்படுகின்றது என்பதைப் பொறுத்தே ஏறி இறங்குகின்றது. 1950ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய லக்சபான நீர்மின் நிலையத்துக்கு அன்றிலிருந்து எரிபொருள் வாங்கப்பட்டதில்லை. மலைநாட்டில் மழை பெய்தாற் போதும். நுரைச்சோலையிலுள்ள 900 மெகாவாற்று நிலையத்துக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 22 இலட்சம் தொன் நிலக்கரி வேண்டும். அது முழுவதும் கப்பலில் வருவது. தென்மேற்குப் பருவக்காற்றில் அக்கடல் கொந்தளிப்பதால், காற்றடங்கிய மாதங்களிலேயே ஆண்டு முழுவதற்கும் வேண்டியதை இறக்கிக் குவிக்க வேண்டும். அந்நியச் செலாவணி முடங்கிய 2022இல், மார்ச் மாத இறுதியில், மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டது. அதே ஆண்டு ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக நூற்றுக்கு 75 வீதம் உயர்ந்தது. 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதம் உயர்ந்தது. தோட்டத்தில் எண்ணெய் இயந்திரத்துக்கும் சூரியப் பம்பிக்கும் உள்ள வேறுபாடே நாட்டளவிலும் உள்ளது என்பதை இதனால் அறியலாம்.

சோளகக் காற்றைக் கொண்டு மின்சாரம் எடுக்கும் 103.5 மெகாவாற்று நிலையம் ஒன்று 2020 திசெம்பரில் மன்னார்த் தீவில் திறக்கப்பட்டது. இத்தகைய நிலையங்களுக்கான செலவு உலகெங்கும் பெரிதும் குறைந்துள்ளது. 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் முதன்முதலாகச் செய்து காட்டப்பட்ட சிலிக்கன் சூரியகலம், ஒளியில் நூற்றுக்கு 6 வீதத்தையே மின்னாக மாற்றியது. விலையோ செய்மதிகளுக்கு மாத்திரம் கட்டுப்படியாவது. சர்வதேச புதுப்பிக்கத்தக்க சக்தி முகவரகத்தின் கணக்குப்படி, பெரிய சூரிய மின்நிலையங்களில் ஓர் அலகுக்கு 2010இல் 38 அமெரிக்கச் சதமாக இருந்த செலவு 2020இல் 5.7 சதமாகக் குறைந்தது. தரைக்காற்று நிலையங்களில் அது 8.9 சதத்திலிருந்து 3.9 சதமாயிற்று. நிலக்கரி, எண்ணெய் முதலியவற்றை எரிக்கும் புதிய நிலையங்களில் 2020இல் 5.5 முதல் 14.8 சதம் வரை சென்றது. இக்குறைந்த விலை ஒரு குதிரைவலுப் பம்பி வாங்கும் உங்களுக்கு அப்படியே கிடைக்கும் என எண்ணவேண்டாம். மேலும், வெயிலால் வரும் மின்சாரம் மாலை ஆறரை மணிக்குப்பின் விளக்கேற்றும் வேளைக்கு உதவாது. அதற்குச் சேமிப்புச் செலவு வேறுண்டு. தோட்டக்காரருக்கோ மாலைக்குப்பின் வேலையில்லை. அவ்வகையிற் சூரியனோடு ஒத்த நேரத்தில் உழைப்பவர் அவரே.

விலையில் எழுதப்படாத செலவுகள்

எரிபொருளின் செலவு முழுவதும் லீற்றர் விலையில் அடங்கிவிடுவதில்லை. சுன்னாகத்தில் டீசல் மின்னிலையத்தின் கழிவெண்ணெய் நிலத்தடி நீரிற் கலந்து, சுற்றுப்புறக் கிணறுகள் குடிநீருக்கு உதவாமற் போனமை நீங்கள் அறிந்ததே. அவ்வழக்கில் 2019ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் இரண்டு கோடி ரூபா நட்டஈடு செலுத்தும்படி தீர்ப்பளித்தது. கிணற்றடியில் எண்ணெயைச் சிந்துவதும், கழித்த மசகெண்ணெயைப் பக்கத்திலேயே ஊற்றுவதும் அதே தீங்கைச் சிறிய அளவிற் செய்வனவாகும். சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளூடாக அது விரைவில் நீரைச் சேரும்.

சூரியசக்திக்கும் எழுதப்படாத செலவொன்று உண்டு. அது இதனிலும் பெரிதாகக்கூடும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நன்னீர் கடலின் உப்புநீர்மேல் மிதந்து நிற்பது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் நிற்கும். மேலே ஓரடி இறைத்துக் குறைத்துவிட்டால் கீழே நாற்பது அடி உப்பு ஏறிவரும். எண்ணெய் இயந்திரம் ஓடும்போது கமக்காரரின் காது இயந்திரத்தின்மேல் இருக்கும். போதிய நீர் பாய்ந்ததும் நிறுத்தத் தோன்றும். சூரியப் பம்பியை நிறுத்த எவருக்கும் தோன்றாது. காசில்லாமல் வருகின்றதென்று நாள் முழுவதும் ஓடவிட்டால், நீர் உவர்த்துப் போன கிணற்றருகே பளபளக்கும் தட்டுகள் மாத்திரமே மிஞ்சும். ஆகவே தொட்டி நிரம்பியதும் தானாக நிற்கும் மிதவை ஆளியை அவசியம் பொருத்துங்கள். கிணற்றுச் சுவரில் நீர்மட்டத்துக்கு ஒரு குறியிட்டு, வாரந்தோறும் பார்த்து வாருங்கள். சொட்டு நீர்ப்பாசனமோ தூவல் நீர்ப்பாசனமோ அமைப்பவருக்குச் சிறிய பம்பியே போதும், முதலீடும் குறையும்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

நீர்மட்டம் கோடையில் 25 அடிக்குக் கீழே இறங்குமாயின் தரையில் வைக்கும் உறிஞ்சு பம்பி உதவாது. நீரில் அமிழ்த்தும் பம்பியே வேண்டும். எத்தனை அடி உயரத்துக்கு மணிக்கு எத்தனை லீற்றர் தரும் என்பதை விற்பவரிடம் எழுத்தில் வாங்குங்கள். குதிரைவலு எவ்வளவு என்பது மாத்திரம் போதிய விடையன்று. உத்தரவாதம் தட்டுக்கு எத்தனை ஆண்டு, பம்பிக்கு எத்தனை ஆண்டு என்று தனித்தனியே கேட்கவும். உதிரிப்பாகம் எந்த ஊரிற் கிடைக்கும் என்பதையும் கேட்கவும்.

தட்டுகளைத் தெற்கு நோக்கிப் பத்துப் பாகை சாய்த்து நிறுத்துக. பனையின் நிழல் ஒரு தட்டின் ஒரு மூலையில் விழுந்தாலும் முழுத் தொகுதியின் வலுவும் குறையும். எனவே காலை ஒன்பது மணிக்கும் மாலை மூன்று மணிக்கும் நிழல் எங்கே விழுகின்றதெனப் பார்த்த பின்னரே இடத்தைத் தெரிக. புழுதியையும் பறவை எச்சத்தையும் இரு வாரத்துக்கு ஒருமுறை, காலை வேளையில், வெறும் நீரால் கழுவினாற் போதுமானது.

கிணற்றின் ஆழம், கோடையிலும் மாரியிலும் நீர்மட்டம், செய்கைப் பரப்பு, பயிர், சென்ற ஆண்டு இறைத்த மணி நேரம், வாங்கிய எண்ணெய் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைச் சந்திக்கவும். சென்ற ஆண்டின் அளவுகளை எழுதி வைக்காதவர் வரும் போகத்தின் முதல் இறைப்பிலிருந்து எழுதத் தொடங்கலாம்.